வேலன், வேடன், விருத்தன்: அதிரடி நாயகர்கள் முதுமையில் திரும்பி வருவது எப்படி?

2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ மறுபடியும் திரைக்கு வந்தபோது, எங்கள் தெருவில் குடியிருக்கும் சிலம்ப வாத்தியாரை மதுரையில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். எழுபதைத் தாண்டியவர். 1991 சித்திரை முதல் நாள் அந்தப் படம் வெளிவந்தபோது கூட்டத்தில் சட்டை கிழிய நின்று டிக்கெட் வாங்கியவர். முதல் சண்டை தொடங்கியதும் என் முழங்கையைத் தட்டினார்.

“தம்பி, கையைப் பார்க்காதே. காலைப் பார்.”

பார்த்தேன். சுவரில் ஒரு காலை ஊன்றி எழும்பி, உடம்பைத் திருப்பி, மறு காலால் உதைக்கும் விஜயகாந்தின் அந்த உதை மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம். நான் அதுவரை உதை விழும் இடத்தையே பார்த்துப் பழகியிருந்தேன். வாத்தியாரோ உதைத்த பிறகு அந்தக் கால் தரையில் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “இறங்கும்போது முழங்கால் மடங்கிக் கொடுக்கிறது பார். அதுதான் இளமை. முகத்துக்கு மை பூசலாம், முழங்காலுக்கு என்ன பூசுவது?” என்றார்.

வயதான அதிரடி நாயகர்கள் பழைய படங்களின் தொடர்ச்சிகளில் திரும்பி வருவதைப் பற்றி நான் படித்தவை பலவும் வசூலைப் பற்றியவை. வாத்தியார் சொன்னதிலிருந்து தொடங்கினால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வருகிறவர்களின் வயதைப் பாருங்கள். 1982இல் ராம்போவாக வந்த சில்வெஸ்டர் ஸ்டாலோன் 2019இல் அதே பாத்திரத்தில் ஐந்தாவது முறை நடித்தபோது 73 வயது. டெர்மினேட்டராக 1984இல் அறிமுகமான அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் அதே 2019இல் திரும்பியபோது 72. ஹாரிசன் ஃபோர்டு இண்டியானா ஜோன்ஸாகக் கடைசி முறை தொப்பி அணிந்த படம் 2023இல் வெளியானது; இரண்டு வாரத்தில் அவருக்கு 81 பிறக்க இருந்தது. 1996இல் தொடங்கிய ‘மிஷன் இம்பாசிபிள்’ வரிசையின் எட்டாவது படம் 2025 மே மாதம் வந்தபோது டாம் குரூஸுக்கு 62. நம் பக்கம், ‘விக்ரம்’ வெளியான 2022இல் கமல்ஹாசனுக்கு 67, ‘இந்தியன் 2’ வந்த 2024இல் 69. ‘ஜெயிலர்’ வெளியான 2023இல் ரஜினிகாந்துக்கு 72. அதன் இரண்டாம் பாகத்துக்கும் அவரே நாயகன்.

ஆனால் நமக்கும் ஹாலிவுட்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தொடர்வது பாத்திரம். ஜேம்ஸ் பாண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஷான் கானரி தொடங்கி டேனியல் கிரெய்க் வரை அந்த வரிசையில் ஆறு பேர் அந்தக் கோட்டை மாட்டியிருக்கிறார்கள். ரோஜர் மூர் 57 வயதில் கடைசியாக நடித்து விலகினார், பாண்டுக்கு வயதாகவில்லை. பெயரும் பாத்திரமும் உரிமையாளர்களிடம் இருப்பதால் ஆளை மாற்றிக்கொள்ள முடிகிறது.

தமிழில் தொடர்வது நடிகர். படத்தின் பெயரில் 2, 3 என்று எண் போடும் வழக்கம் இங்கே பரவியது அண்மைக் காலத்தில்தான் என்றாலும், எண் போடாத தொடர்கள் நமக்கு நெடுங்காலமாக உண்டு. எம்.ஜி.ஆர். படங்களைப் படகோட்டி, மீனவர், ரிக்‌ஷாக்காரர், விவசாயி என்று தனித்தனிக் கதைகளாக மதுரையில் யாரும் பார்க்கவில்லை. ஒரே மனிதரின் அடுத்தடுத்த அத்தியாயங்களாகவே பார்த்தார்கள். 1959இல் சீர்காழி நாடக மேடையில் அவர் கால் முறிந்தது; 1967இல் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் மாறியது. அதற்குப் பின் வந்த படங்களில் எந்தப் பாத்திரமாக வந்தாலும் அந்தக் காலும் அந்தக் குரலும் கூடவே வந்தன, ரசிகர்கள் அவற்றையும் கதையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1973 மே மாதம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தபோது வாலிபனுக்கு வயது 56. அந்தப் படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று அப்போதைய மேயர் மதுரை முத்து சவால் விட்டதாக எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். படம் வந்தது, ஊரே திரண்டது. வாலிபன் என்ற சொல்லை யாரும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடவில்லை. படத்தின் முடிவில் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று அடுத்த படத்துக்கு அறிவிப்பும் போட்டார்கள். முறையான இரண்டாம் பாகமாக அமைந்திருக்க வேண்டிய அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. அவர் கடைசியாக நாயகனாக நடித்து வெளியான படத்தின் பெயரில் எங்கள் ஊரே இருக்கிறது: ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. 1978 பொங்கலுக்கு வந்தபோது அவர் முதலமைச்சர். மூன்று நாளில் 61 நிறைய இருந்தது.

1980களில் அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் தங்கி, உழைக்கும் மக்கள் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள், ரசிகர் மன்றங்கள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். ஓர் ஆய்வாளர் இதற்காக நியூயார்க்கையோ மும்பையையோ விட்டுவிட்டு எங்கள் சந்துகளுக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை. இங்கே நடிகர் என்பவர் வீட்டு மனிதர். வீட்டு மனிதருக்கு வயதானால் வேறு ஆளை வைத்து ஈடு செய்ய முடியாது.

அதற்குச் சான்றும் மதுரைக்காரர் ஒருவரின் படத்திலிருந்தே கிடைக்கிறது. 1990 பொங்கலுக்கு விஜயகாந்த் நடித்து வந்த ‘புலன் விசாரணை’ பெரும் வெற்றி. அதே இயக்குநர் ஆர்.கே.செல்வமணி 2015இல் ‘புலன் விசாரணை 2’ எடுத்தார். நாயகன் பிரசாந்த். பெயரும் இயக்குநரும் அதேதான். வந்த சுவடு தெரியாமல் போனது. ஹாலிவுட் கணக்கின்படி அது தொடர்ச்சி. எங்கள் ஊர் கணக்கில், விஜயகாந்த் இல்லாத ‘புலன் விசாரணை’ வெறும் எழுத்து.

வியாபாரம் இந்த உணர்வின் மேல்தான் நிற்கிறது. தமிழ்ப் படங்களை விற்கும்போது மாநிலத்தை ஏரியாக்களாகப் பிரிப்பார்கள்; அதில் ஒன்று ‘மதுரை-ராம்நாடு’. விநியோகஸ்தர் ஓர் ஏரியாவை மொத்தமாக விலைக்கு வாங்கலாம், அல்லது எம்.ஜி. எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து எடுக்கலாம். உத்தரவாதம் கொடுத்துவிட்டால், படம் ஓடாமல் போனாலும் அந்தப் பணம் திரும்பாது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே விலை பேசியாக வேண்டிய தொழில் இது. கையில் இருக்கும் ஆதாரங்கள் இரண்டே: நாயகன் யார், அவருடைய முந்தைய படங்கள் இந்த ஏரியாவில் எவ்வளவு வசூலித்தன. அறிமுகமான நாயகன், அறிமுகமான பெயர் இரண்டும் சேர்ந்து வந்தால் விநியோகஸ்தருக்கு அன்றிரவு தூக்கம் வரும். இரண்டாம் பாகங்கள் பெருகியதில் கற்பனை வறட்சிக்குப் பங்கு உண்டு என்றாலும், இந்தத் தூக்கத்தின் பங்கு அதைவிடப் பெரிது.

தியேட்டர்களின் நிலையும் மாறியிருக்கிறது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் அதிகமான இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. இன்று அந்தத் தியேட்டர் இல்லை, அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. வீட்டிலேயே படம் பார்க்க முடிகிற காலத்தில் ஒரு குடும்பத்தைத் தியேட்டருக்குக் கிளப்ப வலுவான காரணம் வேண்டும். 1986இல் இருபது வயதில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவருக்கு இன்று அறுபது நெருங்குகிறது. பேரனை அழைத்துக்கொண்டு வருகிறார். நாயகனுடைய நாற்பது ஆண்டுகளோடு தன்னுடைய நாற்பது ஆண்டுகளையும் சேர்த்துத்தான் அவர் டிக்கெட் வாங்குகிறார். புதிய நடிகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்த நாற்பது ஆண்டுகளை உடனே உருவாக்கித் தர முடியாது.

2022 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் இது கண்கூடாகத் தெரிந்தது. டாம் குரூஸின் ‘டாப் கன்’ இரண்டாம் படமும் கமலின் ‘விக்ரம்’ படமும் ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் வந்தன. முதல் ‘டாப் கன்’ வந்தது 1986 மே மாதம். முதல் ‘விக்ரம்’ வந்ததும் 1986 மே மாதம். இரண்டுமே 36 ஆண்டுகள் கழித்து, அதே நாயகர்களோடு. டாம் குரூஸ் படம் உலகெங்கும் ஏறத்தாழ 149 கோடி டாலர் வசூலித்தது. ‘விக்ரம்’ அதுவரை எந்தக் கமல் படமும் தொடாத வசூலைத் தொட்டது.

இரண்டு படங்களும் ஒரே காரியத்தைச் செய்தன: போன ஆண்டுகளைக் கணக்கில் எழுதின. ‘டாப் கன்’ நாயகன் இன்னும் கேப்டன் பதவியைத் தாண்டாதவன், உன் காலம் முடிந்தது என்று மேலதிகாரிகள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். உடன் நடித்த வால் கில்மருக்குத் தொண்டைப் புற்றுநோயால் குரல் போயிருந்தது. பாத்திரத்துக்கும் அதே நோய் என்று எழுதி, அவரைத் தட்டச்சில் பேச வைத்தார்கள். ‘விக்ரம்’ படத்தில் கமல் பேரக்குழந்தையைக் காக்கும் தாத்தா. பழைய படத்தின் இளையராஜா பாட்டு பின்னணியில் எழும்போது, நடுவில் போன வருடங்கள் அத்தனையும் ஒரே அடியாக நெஞ்சில் இறங்கின. மதுரையில் நான் பார்த்த காட்சியில் எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். பரமக்குடியில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் கமலிடம் ஒரு சொந்தம் உண்டு; அதுவும் அந்தக் கண்ணீரில் இருந்திருக்கும்.

வயதான நாயகனை வைத்துச் சண்டை எடுப்பதற்கு உத்திகள் பல. ஆபத்தான தாவல்களுக்கு டூப். நாயகனைத் தூக்கி இறக்க ரோப். பின்னர் அந்தக் கயிற்றைக் கணினியில் அழித்துவிடுவார்கள். அதைவிட நுட்பமானது ஃபைட்டர்களின் உழைப்பு. நாயகனின் கை ஒரு சாண் நகர்ந்தால் போதும், அடிவாங்குகிறவர் பத்தடி தூரம் பறந்து விழுந்து அந்த அடிக்கு எடை ஏற்றுவார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிற அந்த முகம் தெரியாத மனிதர்களின் இடுப்பு எலும்பில்தான் பல பெரிய நாயகர்களின் பலம் இருக்கிறது. அவர்களைப் பற்றி நாம் எழுதுவது மிகக் குறைவு. இளவயதுச் சண்டையில் கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டும். வயதானால் கேமரா நெருங்கிவரும், வெட்டுகள் கூடும், முகம், முஷ்டி, விழுகிற ஆள் என்று துண்டு துண்டாகப் போகும். கால் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். வாத்தியார் சொன்ன அதே கால்.

இதற்கு விதிவிலக்கு டாம் குரூஸ். 2017 ஆகஸ்டில் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கணுக்கால் முறிந்தது. எழுந்து நொண்டியபடியே அந்த ஷாட்டை முடித்தார், அந்த ஷாட்டே படத்திலும் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அது கூடாது. 2021இல் சண்டை ஒத்திகையில் ஹாரிசன் ஃபோர்டின் தோள்பட்டையில் அடிபட்டது. நாயகன் ஒருவர் படுத்தால் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை நிற்கும்.

மறைக்கும் உத்திகளில் புதியது முகத்தை இளமையாக்கும் தொழில்நுட்பம். ஃபோர்டின் பழைய படச் சுருள்களிலிருந்து அவருடைய இளமை முகத்தை எடுத்து, 2023 படத்தின் தொடக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அவரை நாற்பது வயதுக்காரராகக் காட்டினார்கள். முகம் அச்சு அசலாக இருந்தது. குரல் எண்பது வயதுக் குரல். 2019இல் ராபர்ட் டி நீரோ நடித்த ‘தி ஐரிஷ்மேன்’ படத்தில் இது இன்னும் அப்பட்டம்: இளமை முகத்தோடு தெருவில் ஒருவனை உதைக்கும் காட்சியில், உதைக்கும் கால் எழுபதைத் தாண்டிய கால் என்று பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. கணினிக்கு முகம் வசப்பட்டுவிட்டது, நடை இன்னும் வசப்படவில்லை. ஃபோர்டு படத்தின் பிற்பகுதி, 1969இல் ஓய்வுபெறும் பேராசிரியராக அவரைக் காட்டும் பகுதி, உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் இளமையைக் கொடுத்துப் பசியைக் கிளப்பிவிட்டுப் பிறகு முதுமையைப் பரிமாறினால் யாருக்கு இறங்கும்? ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவழித்த அந்தப் படம் உலக அளவில் 40 கோடி டாலரைத் தொடவில்லை. தியேட்டர்களின் பங்கு போனால் நட்டம்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்தச் சிக்கலுக்கு விடை வெகுகாலமாகவே மேடையில் இருக்கிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களைச் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ அதில் தலையானது. ராஜபார்ட், அதாவது நாயக வேடம் போடும் நடிகர், முருகனாக வருவார். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். நான் சிறுவனாக இருந்தபோது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த ராஜபார்ட்டுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. தாடைச் சதை தொங்கியதைப் பவுடர் மறைக்கவில்லை. வேடனாக வந்து வள்ளியோடு தர்க்கம் செய்தபோது மூச்சு வாங்கியது. ஆர்மோனியக்காரர் சுதியை நீட்டி அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார். கூட்டம் பொறுத்துக்கொண்டது. அதன் பின் விருத்தன் வந்தான்.

கதை தெரிந்ததுதான். வேலனாகவும் வேடனாகவும் வந்தும் வள்ளி இணங்காதபோது முருகன் தள்ளாத கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் கேட்கிறான், விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்கிறான். கோலை ஊன்றி அந்த நடிகர் மேடையில் கால் வைத்தபோது, அதுவரை அவருக்குச் சுமையாக இருந்த அத்தனையும் அவருக்குச் சொத்தாக மாறியது. நடுங்கும் முழங்கால், வாங்கும் மூச்சு, தொங்கும் தாடை எல்லாம் வேடத்துக்குள் போய்ச் சேர்ந்தன. நடுச்சாமத்தில் பாயில் சாய்ந்து கிடந்த கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. கிழவன் வேடத்துக்குள் இருப்பது என்றும் இளையோன் என்பதைக் கூட்டம் அறியும். வேடத்தைப் போட்டிருப்பவர் மெய்யாகவே கிழவர் என்பதையும் அறியும். இரண்டையும் ஒருசேர அறிந்து பார்ப்பதில்தான் அந்த இன்பம்.

‘ஜெயிலர்’ செய்தது விருத்தன் வேலை. ஓய்வுபெற்ற சிறை அதிகாரி, பேரனுக்கு விளையாட்டுத் துணை. பெரும்பாலும் நிற்கிறார், உட்கார்கிறார், சிரிக்கிறார். அவர் கண்ணசைத்தால் மற்றவர்கள் சுடுகிறார்கள். மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வந்து தோள் கொடுக்கிறார்கள். ஓடாத நாயகன் என்பதே அந்தப் படத்தின் பலம். ‘இந்தியன் 2’ நேர்மாறானது. 1996இல் 41 வயதுக் கமல் ஒப்பனையில் கிழவரானது பெரும் சாதனை. நேதாஜியின் படையில் இருந்த சேனாபதிக்கு 2024இல் நூறு வயது கடந்திருக்க வேண்டும். படமோ அவரை முன்பைவிட வேகமாகப் பாய விடுகிறது, வர்மக் கலை என்று ஒரு சொல்லைக் காரணமாக வைத்துவிட்டு நகர்கிறது. கமலுக்கே இப்போது முதுமை வந்துவிட்டது. அந்த உண்மையான முதுமையைத் தடித்த ஒப்பனைக்கு அடியில் புதைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெண்களுக்கு இந்த வாய்ப்பு மிக அரிதாகவே கிடைக்கிறது. லிண்டா ஹாமில்டன் 1991க்குப் பிறகு 28 ஆண்டுகள் கழித்து 63 வயதில் டெர்மினேட்டர் வரிசைக்குத் திரும்பினார். அதற்கு இணையாகச் சொல்ல இன்னொரு பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ‘விக்ரம்’ படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுத் திடீரென்று சண்டையில் இறங்கும் ஏஜென்ட் டீனா, நெடுங்காலம் நடனக் குழுவில் உழைத்த வசந்தி. மதுரையில் நான் இருந்த அரங்கில் கமலுக்கு விழுந்த விசிலுக்கு அவருக்கு விழுந்தது குறைந்ததல்ல. நடனக்காரரின் கால் என்பதால் அந்தச் சண்டையில் கேமரா பயமில்லாமல் தள்ளி நிற்க முடிந்தது.

விஜயகாந்துக்கு விருத்தன் வேடம் போட வாய்ப்பு வரவே இல்லை. மதுரையில் அரிசி ஆலை நடத்தியவரின் மகன். இந்த மண்ணிலேயே 2005இல் கட்சி தொடங்கினார், எதிர்க்கட்சித் தலைவரானார், உடல் நலிந்தார், 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். டூப் போடாமல் சண்டை போடுவதில் பெருமை கொண்டவர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் விஜய் நடித்த படத்தில், குடும்பத்தாரின் ஒப்புதலோடு, செயற்கை நுண்ணறிவு மூலம் அவர் உருவத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கைதட்டல் கூரையை முட்டியது, நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் கனத்தது. திரையில் வந்தது அவர் முகம். இந்த ஊர்த் தெருக்களில் நடந்து தேய்ந்த கால் அதில் இல்லை.

அதனால்தான் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்ததும் வாத்தியாரை அழைத்தேன். தியேட்டர் வாசலில் 38 வயது விஜயகாந்தின் கட்அவுட்டுக்கு மாலை போட்டுச் சூடம் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஐம்பதுக்கு மேல். படம் முடிந்து பால்கனிப் படியில் இறங்கும்போது வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் இறங்கியவர்களும் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி, ஒவ்வொரு படியாக, பேசிக்கொண்டே இறங்கினார்கள். பேச்செல்லாம் அந்த உதையைப் பற்றித்தான்.